ஊற்றுக்கண்ணில் கிடந்த ஜரிகை வேட்டி

செய்யாத தப்புக்கு ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியிருக்கிறேன். வாசகம் என்னுடையது. எழுத்தும் என்னுடையது. கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுவதுதான் முறை.

நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்தவன். சொந்த ஊர் செட்டிகுளம். சிவில் டிப்ளமா படித்துவிட்டு, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் ரோடு, கல்வெர்ட் என்கிற சிறு பாலம், பள்ளிக்கூடக் கட்டடம், மேல்நிலைத் தொட்டி என்று கட்டினேன். அவற்றில் பல இன்னும் உறுதியாக நிற்கின்றன. இது, கட்டாமலே இருந்திருக்க வேண்டிய ஒன்றைப் பற்றியது.

1. பதினொரு மணி இன்ஸ்பெக்‌ஷன்

உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டுக்கு நடுவில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நாலு வேன் வந்து நிற்கும். அக்கம்பக்கத்தில் சுடுதண்ணி ஊத்து என்பார்கள். கொதிக்கிற நீர் அல்ல. மார்கழிக் காலையில் உடம்புக்கு இதமாக இருக்கும் சூடு. ஆழத்திலிருந்து அழுத்தத்தில் மேலே வருகிறது. மணலுக்குள் ஒரு முறம் அளவு இடத்தில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் ஊற்றுக்கண்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில், அதில் குளித்தால் மூட்டு வலி போகும் என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ப் புட்டி, சாம்பார் கட்டி வந்த பிளாஸ்டிக் கவர் எல்லாம் குவிந்தன. எல்லாவற்றையும்விட மோசமானது துணி. உடுத்திக் குளித்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் பீடை விலகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஊராட்சித் தலைவர் மனுக் கொடுத்தார். பார்த்து ரிப்போர்ட் எழுதச் சொல்லி பி.டி.ஓ. என்னை அனுப்பினார். நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. குளத்திலிருந்து வழிந்து ஓடும் வாய்க்காலில், கொஞ்சம் கீழே தள்ளி, காலனிப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஈரத்துணி ஒரு குவியல். நான் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிக்கொண்டேன்.

"ஏம்மா, குடிக்கிற தண்ணி மாதிரி இருக்குற ஊத்துல இப்படியா துணியப் போட்டு வைப்பீங்க?" என்றேன்.

ஒரு பெண் நிமிர்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். குவியலுக்குப் போய் ஒரு வேட்டியை உருவி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான்கு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை.

"சார், இது எங்க துணியான்னு நல்லாப் பாருங்க. எங்க வூட்ல எவன் சார் இதக் கட்டுறான்? எங்கூட்டுக்காரன் கல்யாணத்துக்கே இரவல் வேட்டிதான்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"ஊத்துக்கண்ணுல மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. வெடியக்கால எடுத்துப் போட்டோம். காயட்டும், கொளுத்திடுவோம்" என்றார் அவர். பெயர் அஞ்சலை.

அவர் சொன்னதை நம்பவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் நாலு நாள் கழித்து என் கண்ணாலேயே பார்த்தேன். பக்கத்து ஊரில் ஒரு கல்வெர்ட்டுக்குக் கான்கிரீட் போடும் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஐந்தரை மணிக்கே அந்த வழியாகப் போனேன். ஊற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. முந்திரிக் காட்டு வேலைக்குப் போகும் முன் ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பாக்கெட்டுகளையும் துணிகளையும் எடுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் குனிந்து ஊற்றுக்கண்ணிலிருந்து இரண்டு கை மணல் அள்ளி மேட்டில் போட்டார்கள். அதன் பிறகுதான் முகம் கழுவினார்கள்.

"அது என்ன, மண்ணை அள்ளுறீங்க?" என்று கேட்டேன்.

"கைமண்ணு, சார். எறங்குனவங்க ரெண்டு கை அள்ளிப் போடணும். இல்லாட்டி கண்ணு தூந்துரும். எங்க ஆளுங்க காலங்காலமா எடுத்துப் போட்டதுதான் இந்த மேடு" என்றார் அஞ்சலை.

தலைக்கு மேல் உயர்ந்த மேடு அது. நான் அதுவரை இயற்கையான மேடு என்று நினைத்திருந்தேன்.

2. ஐந்தாவது காலம்

சுற்றுலாப் பயணிகளுக்கு வசதி செய்து தரும் ஒரு ஸ்கீமில் அந்த ஊற்றைச் சேர்ப்பதாகத் திட்டம். அதற்கு ஒரு படிவம். அதில் ஐந்தாவது காலம், 'மாசுபாட்டுக்கான காரணம்'. நான் அதில், 'வெளியூர்ப் பயணிகள் விட்டுச் செல்லும் துணி, பிளாஸ்டிக்' என்று எழுதிக்கொண்டு போனேன்.

பி.டி.ஓ. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஃபைல் நகர வேண்டும் அவருக்கு.

"ஏங்க, வெளியூர்க்காரன்தான் அசுத்தம் பண்றான்னு எழுதுறீங்க. வெளியூர்க்காரன் வர்றதுக்குத்தானே ஸ்கீம்? மேல இருக்குறவன் என்ன கேப்பான்? அப்ப எதுக்குய்யா ஸ்கீம்னு கேப்பான்."

"உண்மை அதுதான் சார்."

"உண்மைய நான் இல்லேங்கலையே. அங்க காலனிக்காரங்க துவைக்கிறாங்களா இல்லையா?"

"துவைக்கிறாங்க. ஆனா கீழ, வாய்க்கால்ல."

"துவைக்கிறாங்கள்ல. அத எழுதுங்க. தலைவரும் அதத்தான் சொல்றாரு."

தலைவரின் முந்திரிக் காடு ஊற்றை ஒட்டியே இருந்தது. காலனி ஆட்கள் அந்த வழியாக வந்து போவது அவருக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். இதுவும் எனக்குத் தெரியும்.

யாரும் என்னை மிரட்டவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்னை வேறு வேலைக்கு மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். புதுப் படிவம் வாங்கி, ஐந்தாவது காலத்தில் இப்படி எழுதினேன்: 'அருகிலுள்ள காலனி மக்கள் துணி துவைத்து, கழிவுத் துணிகளை ஊற்றில் போடுவதால்.' பி.டி.ஓ. 'சரி' என்று மட்டும் சொன்னார்.

ஒரு வரி எப்படி வேலையாக மாறும் என்பது எங்கள் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். காரணம் காலனி என்றால் தீர்வு வேலி. காலனிப் பக்கம் முழுவதும் முள்கம்பி வேலி. ஊற்றைச் சுற்றி சிமெண்டு உறை, படிக்கட்டு, டைல்ஸ் தளம், உடை மாற்றும் அறை, கேட், 'அசுத்தம் செய்யாதீர்' என்று ஒரு போர்டு. சிமெண்டு ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டத்தில் வேலை பார்ப்பவனுக்கு எந்த நோய்க்கும் சிமெண்டுதான் மருந்தாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். பக்கத்திலேயே மண் இருக்கும்போது வெளியிலிருந்து எதற்கு என்று, தளத்துக்கு அடியில் நிரப்ப அந்த மேட்டை ஜே.சி.பி. வைத்து வெட்டினோம்.

அஞ்சலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க ஆளுங்க கைய வச்சு அள்ளுன மண்ணு. அதப் போட்டு எங்களையே மறிச்சிட்டீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் லெவல் பார்க்கும் வேலையில் இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

3. கடிதம்

திறப்பு விழாவுக்குப் பிறகு கூட்டம் இரட்டிப்பானது. துணியும் இரட்டிப்பானது. இப்போது காலையில் எடுத்துப் போட ஆள் இல்லை. கேட்டைத் திறந்து பூட்ட ஒரு வாட்ச்மேன் இருந்தார். தண்ணீரில் இறங்குவது அவர் வேலை இல்லை. உறைக்குள் மணலும் பாக்கெட்டும் துணியும் சேர்ந்து இறுகின. இரண்டு வருடத்தில் குமிழி நின்று, தண்ணீர் பச்சையாகி, சூடும் குறைந்தது.

ஒரு நாள் காலை வேறு வேலையாக அந்த ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அஞ்சலையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வேலிக் கம்பியை வளைத்து உள்ளே நுழைந்து, அரிவாளால் ஊற்றுக்கண்ணிலிருந்து துணிகளை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் பிடித்துவிட்டாராம். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"போலீஸ் கீலீஸ்னு போனா நமக்குத்தான் அலைச்சல்" என்றார் தலைவர். "மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதி வாங்கிக்குவோம். சார், நீங்களே எழுதிடுங்க. உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

அஞ்சலை என்னைப் பார்த்தார். "சார், நீங்க பாத்தீங்கல்ல. அன்னிக்கு வெடியக்கால வந்து பாத்தீங்கல்ல. அத மட்டும் சொல்லுங்க, போதும்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் என் ரிப்போர்ட் பொய் என்று ஆகும். நான் மேஜைக்கு முன் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

'சுடுதண்ணி ஊற்றின் வேலியைச் சேதப்படுத்தி உள்ளே நுழைந்து, அழுக்குத் துணிகளைப் போட்டு அசுத்தம் செய்தது என் தவறு. இனி இவ்வாறு செய்ய மாட்டேன்.'

"படிச்சுக் காட்டுங்க" என்றார் அஞ்சலை. வேகமாகப் படித்தேன்.

"போட்டேன்னா எழுதிருக்கீங்க? எடுத்தேன்னுல்ல எழுதணும்?"

"கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா. இதோட முடிஞ்சிடும்" என்றேன்.

தலைவரின் முந்திரிக் காட்டில்தான் அஞ்சலைக்கும் அவர் கணவருக்கும் வேலை. அவர் போட்டார். எழுத்துக் கூட்டி, மெதுவாக. கை ஈரமாக இருந்ததால் தாளின் ஓரத்தில் மை கலைந்தது.

அதற்கு அடுத்த கோடையில் ஊற்று நின்றுவிட்டது. எனக்குப் பெரம்பலூர் பக்கம் மாறுதல் வந்தது. பூலாம்பாடியில் ரோடு போட்டேன். அந்த ஊரைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து போய்விடுவேன்.

4. ஒரு போன்

ஓய்வு பெற்று அரியலூரில் இருக்கிறேன். போன வருடம் ஒன்றியத்தின் உதவிப் பொறியாளர் போன் செய்தார். புதிதாக வந்த பெண்.

"சார், அந்த வெந்நீர் ஊற்று திரும்ப வந்திருக்கு. ஆனா பழைய உறைக்குள்ள இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம், காலனி வாய்க்கால்ல தானாப் பொங்குது."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. மேலே அடைத்தால் அழுத்தம் வேறு வழியைத் தேடும். முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது.

"உங்க பழைய ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கு. அதுல காரணம் காலனின்னு போட்டிருக்கீங்க. ஒரு மன்னிப்புக் கடிதமும் அதோட சேத்திருக்கு. அத வச்சே புது எஸ்டிமேட் போடச் சொல்றாங்க. வேலியக் காலனி வீட்டு வாசல் வரைக்கும் நகர்த்தி, மறுபடி உறை இறக்கி, டைல்ஸ். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் சார். நான் போனப்ப அந்தப் பெண்கள் சுத்தம் பண்ணிட்டில்ல இருந்தாங்க?"

கடிதத்தின் படத்தை அனுப்பச் சொன்னேன். வந்தது. என் எழுத்து அச்சடித்த மாதிரிதான் இருந்தது. ஓரத்தில் மை கலைந்த இடமும் இருந்தது.

மறுநாள் பஸ் ஏறினேன். அஞ்சலை வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

"யாரு, ஓவர்சியரா? இன்னும் இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்." முன்பு அவரை 'நீ' என்றுதான் பேசியிருக்கிறேன்.

"இங்க யாரு சார் இருக்கா? நானும் இந்த ஆடும். அன்னிக்கு என்கிட்ட ஆபீஸ்ல நாலு பேரு முன்னால எழுதி வாங்குனீங்க. இங்க வந்து ஆட்டு முன்னால கேட்டா எப்படி?"

நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மே ஒண்ணாந்தேதி கிராம சபை வருது. அங்க வாங்க" என்று சொல்லிவிட்டுத் தழையைக் கட்டத் தொடங்கினார்.

5. கிராம சபை

பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். புது வேலித் திட்டத்தை ஒப்புக்கொள்ளும் தீர்மானம் அன்று பட்டியலில் இருந்தது. அதற்கு முன் பேச அனுமதி கேட்டேன். எழுதிக்கொண்டுபோன தாளை எடுத்தேன்.

அஞ்சலை எழுந்தார். "மொதல்ல என் பேப்பரப் படிங்க. அத இந்த ஊர்ல இன்னும் யாரும் கேக்கல. அப்புறம் உங்களதப் படிங்க."

உதவிப் பொறியாளர் ஃபைலைக் கொடுத்தார். அந்த இரண்டு வரியைப் படித்தேன். இம்முறை வேகமாகப் படிக்க முடியவில்லை. 'அழுக்குத் துணிகளைப் போட்டு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கூட்டத்தில் அஞ்சலையின் மகள் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். மீதியையும் படித்தேன்.

பிறகு என்னுடையதைப் படித்தேன். "இந்தக் கடிதத்தை எழுதியவன் நான். இதில் உள்ளது பொய். அஞ்சலை துணியைப் போடவில்லை, எடுத்தார். காலனிப் பெண்கள் தினமும் ஊற்றைச் சுத்தம் செய்ததை நான் நேரில் பார்த்தேன். பார்த்த பிறகும் அவர்கள்தான் காரணம் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அந்த ரிப்போர்ட்டால் வேலி வந்தது. நான் கட்டிய உறையும் தளமும் ஊற்றை அடைத்தன. இவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

பின்னால் இருந்து ஒருவர், "ரிட்டயர் ஆன ஒடனே வரலியே இந்த ஞானம். இப்பத்தான் தபால்ல வந்து சேந்துச்சா சார்?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம்தான்.

அஞ்சலை என்னிடம், "அந்தப் பழைய பேப்பரக் கிழிச்சிடுவாங்களா?" என்று கேட்டார்.

"கிழிக்க முடியாது. ஃபைல்ல இருக்குறது இருக்கும். என்னோடத அதுக்கு மேல வச்சுக் கோர்ப்பாங்க."

"அப்ப ரெண்டும் இருக்கும்."

"இருக்கும்."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் தாளின் கீழே கையெழுத்துப் போட்டேன். வேலித் தீர்மானம் அன்று நிறைவேறவில்லை. புது ஊற்றில் சிமெண்டு கூடாது, காலனிப் பெண்கள் சொல்கிறபடிதான் பராமரிப்பு என்று வேறு தீர்மானம் வந்தது. எல்லோரும் கை தூக்கவில்லை. தூக்கியவர்கள் போதுமான அளவு இருந்தார்கள்.

6. இப்போது

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பழைய உறை இடிக்கப்படாமல் பாசி பிடித்துக் கிடக்கிறது. டைல்ஸ் பெயர்ந்து போனது. அந்த மேட்டை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வேன்களும் வருகின்றன. பெண்கள் முறை வைத்துக்கொண்டு முந்திரிக் காட்டுத் திருப்பத்திலேயே வண்டியை நிறுத்தி, சோப்பு, ஷாம்பு, பாட்டில் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். உடுத்திக் குளித்த துணியை உடுத்திக்கொண்டேதான் கரையேற வேண்டும். சிலர் கேட்கிறார்கள். சிலர், "நீ யாரும்மா சொல்றதுக்கு?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அப்போது அஞ்சலை, "நாந்தான் இத அசுத்தம் பண்ணேன்னு கவருமெண்டே எழுதி வச்சிருக்கு. என்னையவிடத் தெரிஞ்ச ஆளு யாரு?" என்பார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். நான் அப்போது வேறு பக்கம் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் போய்விடுகிறேன். கொக்கி வைத்த மூங்கில் கம்பு ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கரையில் நின்று துணிகளை இழுத்துப் போடுவது என் வேலை. யாரும் வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பதினொரு மணிக்குப் போகாதீர்கள், விடியற்காலையில் போங்கள் என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் விடியற்காலையிலும் போனவன். என் தப்பு பார்க்காதது அல்ல. ஆகவே சொல்ல இருப்பது இவ்வளவுதான்: ஐந்தாவது காலத்தில் பார்த்ததை எழுதுங்கள். ஸ்கீம் போனால் போகட்டும்.

ஒன்றரை வருடத்தில் அஞ்சலை என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னதில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் வருவதற்கு முன், முதல் தடவையாகத் தண்ணீரில் இறங்கலாமா என்று தோன்றியது. முழங்கால் வலி எனக்கும் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை வைத்தேன். கரையில் பாக்கெட் பொறுக்கிக்கொண்டிருந்த அஞ்சலை திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"சார், மொதல்ல கைமண்ணு."

வேனில் வருகிறவர்களிடம் சொல்கிற அதே சொல், அதே குரல். நான் குனிந்தேன். மணல் சூடாக இருந்தது. இரண்டு கை அள்ளி, அவர் காட்டிய இடத்தில் போட்டேன். அங்கே ஏற்கெனவே முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தது.